சிவப்பு ஓடாத பக்கம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. இந்தப் பைய மேல போட முடியாது, பஸ் கூரை ஒழுகுது பாருங்க. மடியிலயே வச்சுக்கிடுதேன். உள்ள லேப்டாப் இருக்கு.

எங்க, கல்லோடைக்குறிச்சிக்கா? நானும் அங்கதான். சொந்தக்காரங்க யாரும் இல்ல, சோலியாத்தான் வாறேன். உங்க ஊருக்குள்ள நொழைய முன்னாடி தரைப்பாலம் இருக்குல்லா, அந்த டீக்கடை மேல கம்பிக்கூட்டுக்குள்ள ஒரு டி.வி. வச்சிருக்காவளே. மேல அணையில தண்ணி தொறந்தா அதுல காட்டும்லா. நீங்க டி.வி.ன்னு நெனைக்கீங்க. அது வெப் பக்கம். இன்டர்நெட்ல இருக்க பக்கத்தத்தான் அங்கன காட்டுதாவ. அத மாத்தி எழுதத்தான் என்னக் கூப்பிட்டிருக்காவ. என் பேரு கோமதிநாயகம். பாளையங்கோட்டையில ஒரு கம்பெனியில இருக்கேன்.

கெட்டுப்போச்சான்னு கேக்கீங்க. கெடல. நல்லா ஓடுது. ஓடுதுங்கதுக்காக சரியா இருக்குன்னு அர்த்தமில்லலா. அதத்தான் நான் போற எடத்துலல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு.

உங்களுக்கு வெளங்குத மாதிரி சொல்லுதேன். வெப் பக்கத்துல நீங்க கண்ணால பாக்கது மேல உள்ளது. அதுக்கு அடியில எழுத்து இருக்கும். இது தலைப்பு, இது பத்தி, இது முக்கியமான வார்த்தைன்னு ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு குறி போட்டு எழுதியிருக்கும். அதுக்குப் பேரு டேக். ஆரம்பத்துல ஒரு டேக் தொறக்கணும், முடிவுல மூடணும். பழைய எச்.டி.எம்.எல். என்ன செய்யும்னா, நீங்க தொறந்துட்டு மூடாம விட்டாலும் போனாப் போகுதுன்னு விட்டுரும். முன்னப்பின்ன எழுதினாலும் ஏதோ சமாளிச்சுக் காட்டிரும். இஷ்டத்துக்குச் செவப்பு, பச்சை, ஓடுத எழுத்து, மினுக்குத எழுத்து, எதப் போட்டாலும் ஏத்துக்கிடும். செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கு. புதுசா வந்தது எக்ஸ்.எச்.டி.எம்.எல்., அதுலயும் கண்டிப்பான வகை. தொறந்தா மூடணும். பக்கத்தோட வேல என்ன செய்தின்னு சொல்லதோட முடிஞ்சுது. என்ன நெறம், எப்படி நிக்கணுங்கதெல்லாம் வேற ஃபைல்ல தனியா எழுதணும். பக்கத்துக்குள்ள நெறத்தக் கொண்டாரக் கூடாது. ஓடுத எழுத்து அறவே கூடாது.

அத யாரு பாக்கான்னா, அதுக்கு வேலிடேட்டர்னு ஒண்ணு இருக்கு. பக்கத்தக் குடுத்தா வரி வரியாப் பாத்துச் சொல்லிரும். தப்பு இருந்தா மேல செவப்புப் பட்டை வரும். எல்லாம் சரின்னா பச்சைப் பட்டை. பச்சை வந்துட்டா எனக்கு மனசு நெறஞ்சுரும் அண்ணாச்சி. அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல என்னமோ நெறைய எழுதியிருக்கும், நான் வாசிக்கதே கெடையாது. பச்சையப் பாத்தாச்சுன்னா போதும், பெட்டிய மூடிட்டு டீ குடிக்கப் போயிருவேன்.

வீட்லயும் நான் இப்படித்தான். அடுக்களையில எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு சீட்டு ஒட்டி வச்சிருக்கேன். வீட்டுக்காரி மூடியோட நெறத்தப் பாத்துதான் எடுப்பா. ஒருநா எல்லா மூடியையும் வெள்ளையா மாத்திட்டேன். சாம்பார்ல சீனியப் போட்டுட்டு என்ன ஏசுதா. சீட்ட வாசிக்கலியேன்னு ஒரு வார்த்தை இல்ல. சரி, அத விடுங்க.

உங்க ஊருப் பக்கத்த நேத்தே தொறந்து பாத்தேன். சொல்லக் கூடாது, அசிங்கம். தண்ணி தொறந்தா மேல தடியா ஒரு செவப்புக் கோடு ஓடுது. அதுவும் நிக்காம ஓடுது. எவன் எழுதினானோ.

நீங்க அத வச்சுத்தான் பாலத்துல எறங்குவீங்களா? எல்லாருமேவா? ஓ, உங்க மச்சான் அக்கரையில ஆடு மேய்க்காரா. எழுத்துக்கூட்டக்கூட வராதா அவருக்கு? பாருங்க, இதே பேச்சத்தான் சலேத்பட்டணத்துலயும் கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கு ஆங்காரமாத்தான் வருது.

சலேத்பட்டணம் தெரியுமா? கடக்கரை ஊரு. போன ஐப்பசியில அங்க ஒரு வேல. அங்க மீனவர் சங்கத்துல ஒரு தகவல் மையம் வச்சு, ஜன்னல்ல கடலப் பாக்க ஒரு ஸ்க்ரீன் மாட்டியிருக்காவ. ராப்பகலா எரியும். காத்து எப்படி, அலை எவ்வளவு, மீன் வெலை என்ன, எல்லாம் அதுல வரும். ஜெசிந்தான்னு ஒரு பொண்ணுதான் தட்டிப் போடும். முப்பது வயசிருக்கும். நல்ல பிள்ளதான், கொற சொல்ல மாட்டேன். ஆனா பிடிவாதம். கடலுக்குப் போகக் கூடாதுன்னு தகவல் வந்தா மேல ஒரு செவப்புக் கோடு ஓட விடும். ஊர்க்காரங்க வலையத் தோள்ல போட்டுட்டு அந்த ஜன்னல் வழியா வருவாங்க, செவப்பு ஓடுதான்னு ஒரு பார்வை. ஓடினாத் திரும்பிருவாங்க. ஓடலன்னா படகக் கடல்ல எறக்கிருவாங்க. நின்னு வாசிக்கது கெடையாது. நான் ரெண்டு சாயங்காலம் அங்கனயே உக்காந்து பாத்தேன், ஒருத்தன்னா ஒருத்தன் நின்னு வாசிக்கல. எம்புட்டு நல்ல தகவல் அதுல கெடக்குது தெரியுமா?

நான் போய் எல்லாத்தையும் கழிச்சுப் போட்டேன். ஒழுங்கா எழுதினேன். செவப்ப எடுத்தேன், ஓட்டத்த எடுத்தேன். எச்சரிக்கைய அதுக்குண்டான டேக்ல, அறிவிப்புகள்னு தலைப்புப் போட்டு, அதுக்குக் கீழ வச்சேன். கண்ணு தெரியாதவங்களுக்குக்கூட கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டிரும், அப்படி எழுதியிருக்கேன். ஜெசிந்தாகிட்ட பெருமையாச் சொன்னேன். அது சொல்லுது, "சார், எங்க ஊர்ல கண்ணு தெரியாதவரு ஒருத்தர்தான் இருக்காரு. அவரு கடலுக்குப் போறதில்ல சார்."

சிரிக்காதீங்க அண்ணாச்சி.

நெறமே கூடாதுன்னு நான் சொல்லல. அதையும் சொல்லிருதேன், பொறவு நீங்களும் தப்பா நெனைக்கக் கூடாது. தனி ஃபைல்ல நெறம் வைக்கலாம். அந்தக் கண்டிப்பான முறையே அதுக்கு எடம் குடுக்குது. ஆனா நெறம் ரெண்டாங்கட்டம். மொதக்கட்டத்துல பக்கம் சுத்தமாகணும், பச்சை வரணும், சர்டிபிகேட் வாங்கணும். அதுக்கப்புறம் நெறத்தப் பத்திப் பேசிக்கிடலாம். எந்த வேலைக்கும் ஒரு முறை இருக்குல்லா.

அங்க சில்வெஸ்டர்னு ஒருத்தரு. அம்பது வயசு இருக்கும், ஆளு வாட்டசாட்டமா இருப்பாரு. நான் வேல பாக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுவாரு. ஒருநா வீட்லருந்து நெத்திலிக் குழம்பு கொண்டாந்து குடுத்தாரு. நான் சைவம்னு சொன்னேன். சங்கடப்பட்டு, மறுநா வாழப்பழம் வாங்கிட்டு வந்தாரு. நல்ல மனுசன். அவரு ஸ்க்ரீனையே உத்துப் பாத்துட்டுக் கேட்டாரு, "தம்பி, எங்க செவப்பு எங்க போச்சு?"

"அது இனிமே வராதுண்ணே. எழுத்தாத்தான் வரும். இந்தா, இந்த எடத்துல."

"எனக்கு எழுத்து தெரியாது தம்பி. நெறம் தெரியும்."

"இம்புட்டு வருசமா படிக்காம இருந்துட்டு இப்ப என்னையக் குத்தம் சொல்லுதீங்களே"ன்னு வெளையாட்டாத்தான் சொன்னேன். அவரும் சிரிச்சாரு. "சரி தம்பி, நீ படிச்சவன், யோசிச்சுத்தான் செய்வ"ன்னு என் தோளத் தட்டிட்டுப் போனாரு. அந்தக் கை இப்பவும் தோள்ல இருக்க மாதிரிதான் இருக்கு. எதுக்குச் சொல்லுதேன்னா, எனக்கு அவரு மேல ஒரு வருத்தமும் கெடையாது. பிரியந்தான்.

நான் ஊருக்குத் திரும்பின வாரம் கடல்ல காத்தழுத்தத் தாழ்வு. மத்தியானம் ஜெசிந்தாவுக்குத் தகவல் வந்திருக்கு, யாரும் போகக் கூடாதுன்னு. ஒடனே தட்டிப் போட்டிருக்கு. போட்டுட்டு எனக்குப் போன் அடிக்கி. "சார், போட்டுட்டேன் சார், ஆனா மத்ததோட மத்ததா கறுப்பா நிக்கி. இன்னைக்கு மட்டும் அந்தச் செவப்ப ஓட விடுங்க சார்."

நான் சர்டிபிகேட்டுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். அந்த நேரத்துல எதத் தொட்டாலும் திரும்ப மொதல்லருந்து பரிசோதிப்பாவ. "நாளைக்குப் பாப்போம்மா. எழுதியிருக்குல்லா, வாசிக்கச் சொல்லு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அதட்டல, தன்மையாத்தான் சொன்னேன்.

அது கேக்கல. பழைய செவப்புக் கோட்டு டேக்க எங்கயோ எழுதி வச்சிருந்திருக்கு, அதத் தானாவே உள்ள தட்டியிருக்கு. ஆனா அந்தப் பக்கத்துல நான் ஒரு வடிகட்டி வச்சிருந்தேன். கூடாத டேக் எது வந்தாலும் பிச்சு எறிஞ்சுட்டு எழுத்த மட்டும் உள்ள விடும். அந்தப் பிள்ள செவப்பப் போடுது, வடிகட்டி எடுக்கு. திரும்பப் போடுது, திரும்ப எடுக்கு. சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்திருக்கு அண்ணாச்சி. மறுநா நான் பாத்தேன், எல்லாம் வரிசையாப் பதிவாகியிருந்துது. ஒரு தடவகூட வடிகட்டி ஏமாறல. நான் எழுதினதுல அதுதான் நல்லா அமைஞ்சது. அப்படி ஒண்ண எங்க கம்பெனியில யாரும் எழுதினதில்ல.

பொறவு அந்தப் பிள்ள வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கு. கேட்டவங்க யாரும் போகல. சில்வெஸ்டரு அன்னைக்கு ஊர்ல இல்ல, மக வீட்டுக்குப் போயிருந்தாராம். பஸ் எறங்கி நேரா கரைக்கு வந்திருக்காரு, அவரும் அவரு மச்சினரும். விடியதுக்கு முன்னாடி ஜன்னல்கிட்ட நின்னு அண்ணாந்து பாத்திருக்காரு. கூட நின்ன அந்த மச்சினருதான் பொறவு விசாரணையில சொன்னாரு. "செவப்பு இல்லடா, எறக்கு"ன்னு சொன்னாராம்.

மச்சினரு கரையேறிட்டாரு. இவரு வரல.

ஏன் அப்படிப் பாக்கீங்க? எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா? ரெண்டு நாளு சோறு எறங்கல. ஆனா பக்கம் சரியா இருந்தது. அத அச்செடுத்து விசாரணையில வச்சேன். கடலுக்குப் போக வேண்டாம்னு தெளிவா, ஒரு பெழை இல்லாம இருந்துது. விசாரிக்க வந்த ஆபீசருங்களும் பாத்துட்டு, எச்சரிக்கை முறைப்படி குடுக்கப்பட்டிருக்குன்னு முடிச்சுட்டாவ. என் மேல ஒரு சொல்லு இல்ல. அதுக்கப்புறந்தான் இந்த மாதிரி எச்சரிக்கைப் பக்கத்தையெல்லாம் இவனே மாத்தட்டும்னு என் பேரச் சொல்லி வேல வருது. உங்க ஊரு அப்படித்தான் வந்துது.

ஜெசிந்தாதான் எந்திரிச்சு நின்னு, "சார், அந்தச் செவப்ப ஏன் சார் எடுத்தீங்க?"ன்னு கேட்டுது. நான் முறையப் பத்தி எடுத்துச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத் திரும்பவும், "அந்தச் செவப்ப ஏன் சார் எடுத்தீங்க?" அதே கேள்வி. சத்தங்கூடப் போடல. எனக்கு அதுதான் மனசுல அறுத்துக்கிட்டே இருக்கு. பதில் சொன்னாக் கேக்கணும்லா?

பொறவு ஒரு தடவ அந்த ஊரு வழியாப் போனேன். ஜன்னல்ல ஸ்க்ரீனே தெரியல. மேல ஒரு செவப்புத் துணியக் கட்டி வச்சிருக்காவ. எப்பவும் செவப்பு. வெயிலடிச்சாலும் செவப்பு. அப்படிக் கட்டினா அதுக்கு என்ன அர்த்தம்? கடலே வேண்டாம்னா? கேக்கலாம்னு எறங்கினேன். யாரும் என் முகத்தப் பாக்கல, ஏறி வந்துட்டேன்.

என்ன, வண்டி நின்னுட்டு? பாலம் வந்தாச்சா?

அதானே பாத்தேன். அந்தா ஓடுது பாருங்க உங்க செவப்பு. மழைக்குள்ளயும் எப்படிப் பல்லக் காட்டிக்கிட்டு ஓடுதுன்னு பாருங்க. பாலத்து மேல மழை ஈரந்தான், ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு இல்ல, இவன் வண்டிய நிப்பாட்டிட்டான். டிரைவர் வாசிச்சானா? கழுத்தக்கூட முழுசாத் திருப்பல. செவப்பு, அவ்வளவுதான், பிரேக்கு. எறங்கி டீயும் சொல்லிட்டான். இன்னும் எவ்வளவு நேரமோ.

மேல தொறந்தா இங்க வந்து சேர நேரமெடுக்கும்கீங்க. வந்தா ஒரேயடியா வரும்கீங்க. இருக்கட்டும். நான் இல்லங்கலியே. அத வாசிச்சுத் தெரிஞ்சுக்கிடணும்ங்கேன்.

கொஞ்சம் அந்தப் பையப் பிடிங்க. இந்தக் குச்சிதான் இன்டர்நெட். சிக்னல் இருக்கு, நல்லா இருக்கு. நாளைக்கு ஆபீசுக்கு வந்து செய்யுதேன்னுதான் சொல்லியிருந்தேன். ஆனா புதுப் பக்கம் நேத்தே ரெடி, கடவுச்சொல்லும் குடுத்துட்டாவ. பழசத் தூக்கிட்டுப் புதுச ஏத்தணும், அவ்வளவுதான் வேல. சும்மா ஈ ஓட்டிக்கிட்டு இருக்கதுக்கு இப்பவே ஏத்திருவோம். உங்களுக்கும் ஒருதடவ கண்ணால பாத்தாத்தான் வெளங்கும்.

கையத் தட்டாதீங்க அண்ணாச்சி. வெலை கூடின சாமான். செய்தி எங்கயும் போகாது. "அணை திறக்கப்பட்டுள்ளது, பாலத்தைக் கடக்க வேண்டாம்"னு அப்படியே இருக்கும், அறிவிப்புகள்ங்க தலைப்புக்குக் கீழ. ஒரு எழுத்து கொறையாது.

ஏறிட்டு. பாருங்க, அங்க பாருங்க. எவ்வளவு அமைதியா இருக்கு. வெள்ளையில கறுப்பு. இங்கருந்து வாசிக்க முடியலியா? நீங்க கண்ணாடி போடணும் அண்ணாச்சி. எனக்கும் சரியாத் தெரியலதான், மழை. கிட்டப் போனாத் தெரியும்.

பழசத் திரும்பப் போடவா? அத எப்படிப் போட? அழிச்சாச்சே. அதெல்லாம் வச்சுக்கிடுத பழக்கம் எனக்குக் கெடையாது.

டிரைவர் அண்ணாந்து பாக்கான். வாசிக்கட்டும், வாசிக்கட்டும். இதத்தான் நான் எதிர்பாத்தேன், மனுசன் ஒருதடவயாவது தலையத் தூக்கி வாசிக்கணும்லா. என்ன, கிளாச வச்சுட்டு வாறான்? கண்டக்டர் விசில் அடிக்கான். எல்லாரும் ஏறுதாங்க. தண்ணிய அடைச்சுட்டாவன்னு யாரோ சொல்லுதான் பாருங்க, வாசிக்காத பய.

நீங்க எங்க எந்திரிக்கீங்க? வழியெல்லாம் ஆளு நிக்கி, எப்படிப் போவீங்க? கத்தாதீங்க அண்ணாச்சி, இந்த மழையில டிரைவருக்குக் கேக்கவா போகுது. உக்காருங்க. வண்டி பாலத்துல எறங்கிட்டு. இந்தா அக்கரை, எத்தன தூரம்?

என்ன சத்தம் அது? எஞ்சினாத்தான் இருக்கும்.

இருங்க, ஒரு நிமிசம் இங்க பாருங்க. வேலிடேட்டர்ல குடுத்திருந்தேன், பதில் வந்துட்டு. பச்சை. ஒரு தப்பு இல்ல.